கடலோரக்காரர்களுக்கு அயோடின் எதற்கு?

எங்கள் பக்கத்தில் நலம் விசாரிக்கும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் இருவர் சந்தித்தால் "சுகர் எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வார்கள். இப்போது, அதிலும் பெண்கள் சந்தித்தால், "உங்களுக்குத் தைராய்டு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. "இருக்கு, மூணு வருஷமா இருக்கு" என்று பதில் வரும். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது, பிறக்கும் முன்பே இருக்கிறது. "எனக்கு ஈரல் இருக்கு" என்று யாராவது வருத்தப்பட்டுச் சொல்கிறார்களா? ஓர் உறுப்பின் பெயரையே நோயின் பெயராக்கிவிட்டோம்.

போகட்டும், பேச்சு வழக்கு அப்படித்தான் போகும். நான் எழுத வந்தது வேறு விஷயம். இந்த நோய் வருவதே பாக்கெட் உப்பினால்தான், அயோடின் கலந்த உப்பு கம்பெனிக்காரன் சதி, நம் மரக்காணத்துக் கல்லுப்பை வாங்கிப் போட்டால் தைராய்டே வராது என்று ஒரு செய்தி கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மட்டும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். நான்கு பேரும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள். கோப்பில் ஒரு எண் தவறினால் திருப்பி அனுப்பியவர்கள், இதை மட்டும் படிக்காமலே அனுப்புகிறார்கள்.

முதலில் அந்தச் சுரப்பியைப் பார்த்துவிடுவோம். தொண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளை எலும்புக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் ஒரு மடல், இடப்பக்கம் ஒரு மடல், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு பாலம். ஒவ்வொரு மடலும் கட்டைவிரலின் மேல் பாதி அளவு. மொத்த எடை சுமார் 20 கிராம்தான். மூச்சுக்குழாயோடு கட்டுண்டிருப்பதால் எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும். டாக்டர் கழுத்தில் கை வைத்து "முழுங்குங்க" என்று சொல்வது இதற்காகத்தான். கழுத்தில் உள்ள கட்டி விழுங்கும்போது ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டைச் சேர்ந்தது.

எனக்குப் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் இதை 'பப்பியோன்', அதாவது வண்ணத்துப்பூச்சி, என்று சொல்லித்தான் வரைந்தார். பெயரோ கேடயத்திலிருந்து வந்தது. பழைய கிரேக்கத்தில் கேடயத்துக்கு 'துரெயோஸ்' என்று பெயர். தமிழில் கேடயச் சுரப்பி என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்தார்கள், நாம்தான் பயன்படுத்துவதில்லை. 1656-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். இது எதற்காக இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கழுத்தை, அதுவும் பெண்களின் கழுத்தை, உருண்டையாக அழகாகக் காட்டுவதற்காக இருக்கலாம் என்று எழுதி வைத்தார். நம் சினிமாப் பாட்டுக்காரர்கள்கூட இவ்வளவு தூரம் போனதில்லை.

உள்ளே பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் சின்னஞ்சிறு பைகள். ஒவ்வொரு பையின் சுவரும் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. நடுவில் கூழ் போன்ற ஒரு திரவம். ரத்தத்தில் வரும் அயோடினை அந்தச் செல்கள் இழுத்துப் பிடித்து, ஒரு புரதத்தோடு சேர்த்து, கூழுக்குள் சேமித்து வைக்கின்றன. மற்றச் சுரப்பிகள் அன்றாடங்காய்ச்சிகள். இது ஒன்றுதான் இரண்டு மூன்று மாதத்துக்கான சரக்கைக் களஞ்சியத்தில் வைத்திருக்கும் சம்சாரி. இங்கிருந்து வெளியே போகும் சரக்கு இரண்டு வகை. நான்கு அயோடின் அணுக்கள் உள்ளது டி4, அதாவது தைராக்சின். மூன்று உள்ளது டி3. பெரும்பகுதி டி4-ஆகத்தான் போகும். போன இடத்தில் ஓர் அணுவைக் கழற்றிவிட்டு டி3 ஆக்கிக்கொள்வார்கள், உண்மையில் வேலை செய்வது அதுதான். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், சாப்பிட்டது எவ்வளவு வேகமாக எரிய வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், குடல் எப்படி அசைய வேண்டும், எல்லாவற்றுக்கும் இதன் உத்தரவு வேண்டும்.

இதற்கும் மேலதிகாரி உண்டு. மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் அங்கிருந்து டி.எஸ்.எச். என்ற நினைவூட்டுக் கடிதம் வரும். தைராக்சின் போதுமான அளவு வந்துவிட்டால் கடிதம் நிற்கும். தாலுகா அலுவலகமும் கலெக்டர் அலுவலகமும் நடத்தும் கடிதப் போக்குவரத்துதான். ஆகவே பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். அதிகம் என்று வந்தால் சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது என்று பொருளல்ல. கீழே வேலை நடக்கவில்லை, மேலிருந்து நினைவூட்டு மேல் நினைவூட்டு வருகிறது என்று பொருள். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள்.

அயோடின் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? கடிதம் வந்துகொண்டே இருக்கும், சுரப்பி ஆள் சேர்த்துக்கொண்டே போகும், மூலப்பொருள் இல்லை. கழுத்து வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை, பிரெஞ்சில் 'குவாத்ர்'. கழலை வெளியே தெரிவதால் அதையே பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். வெளியே தெரியாத சேதம் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு நடப்பது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்யாது, தாயின் தைராக்சினை நம்பித்தான் மூளை வளர வேண்டும்.

எங்கள் ஆசிரியர்களில் ஒருவருக்குக் கோபம் வந்தால் 'கிரேத்தன்' என்று திட்டுவார். மடையன் என்று பொருள் என நாங்களும் சிரித்துக்கொண்டு போவோம். அந்த வார்த்தை ஆல்ப்ஸ் மலை கிராமங்களிலிருந்து வந்தது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அயோடின் இல்லாத அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குள்ளமாக, காது கேளாமல், புத்தி வளராமல் பிறந்த மனிதர்களுக்கு அங்கே வைத்த பெயர் அது. 'கிறிஸ்தவன்' என்ற சொல்லின் திரிபு என்பார்கள். அவர்களும் ஆண்டவனின் பிள்ளைகளே என்ற இரக்கத்தில் சொன்னது. இரக்கத்தில் பிறந்த சொல் வசைச்சொல் ஆகிவிட்டது. ஒரு வகுப்பறையில் தினம் கேட்ட வார்த்தைக்குள் இவ்வளவு பெரிய துக்கம் இருந்திருக்கிறது.

அயோடினைக் கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். 1811-இல், நெப்போலியன் யுத்த காலம். பெர்னார் குர்த்துவா என்பவர் வெடிமருந்துக்கான உப்பு தயாரிக்கும்போது கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தை அதிகமாக ஊற்றிவிட்டார். ஊதா நிறப் புகை எழுந்தது. அந்த நிறத்தின் கிரேக்கப் பெயரே அதற்குப் பெயராயிற்று. 1820-இல் ஜெனீவாவில் குவாந்தே என்ற மருத்துவர் கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார். தென் அமெரிக்காவில் சுற்றிவந்த பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, சில ஊற்றுகளின் உப்பைச் சாப்பிடும் ஊர்களில் கழலை இல்லை, அந்த உப்பில் அயோடின் இருக்கிறது என்று கண்டு, உப்பில் கலந்து கொடுங்கள் என்று 1833-இல் எழுதினார். ஸ்விட்சர்லாந்து அதைச் செய்தது 1922-இல். தொண்ணூறு வருஷம்! நம் அரசாங்கக் கோப்பு தாமதம் என்று திட்டுகிறோம்.

நம் நாட்டில் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தவர் ஆந்திரத்தில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. 1956-இல் தொடங்கி இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பும் ஒன்றில் சாதா உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் இரண்டு வட்டாரங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் அப்படியே இருந்தது. பிறகு அங்கேயும் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததற்கு இது பெரிய காரணம். இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். இமயமலை அடிவாரத்து ஜனங்கள் அயோடின் இல்லாமல் கழுத்து வீங்கிக் கிடந்தார்கள். இன்று நம்மூர் கடைகளில் 'ஹிமாலயன் உப்பு' என்று இளஞ்சிவப்பில் ஒன்றைப் பல மடங்கு விலைக்கு வாங்கிப் போகிறார்கள், ஆரோக்கியத்துக்காக!

"அது மலை, நாம் கடலோரம். கடலில்தான் அயோடின் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டு வாசலில் கல்லுப்பு விற்கும் அம்மாளும் என்னிடம் இதைத்தான் சொன்னார்: "சார், கடல் தண்ணியில வெளஞ்ச உப்பு. இதுல இல்லாத சத்தா அந்தப் பாக்கெட்டுல இருந்துடப் போவுது?"

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், நமக்குக் கணக்குதானே தொழில். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதே ஒரு லிட்டரில் உள்ள அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் அறுபது பங்கு. நாம் ஒரு நாளைக்குச் சாப்பிடும் உப்பு பத்து கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு துளி அயோடின்கூட வீணாகாமல் வந்தாலும் 17 மைக்ரோகிராம்தான் வரும். பெரியவர் ஒருவருக்கு வேண்டியது 150. கர்ப்பிணிக்கு 250. அந்தப் பதினேழும் முழுதாக வருவதில்லை. மரக்காணத்து உப்பளத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாத்தியில் உப்பு படிந்த பிறகு கசப்புத் தண்ணீர் ஒன்று மிஞ்சும். அயோடினில் பெரும்பகுதி அதோடு போய்விடும், இன்னும் கொஞ்சம் காற்றோடு போகும். ஆகக் கல்லுப்பில் இருப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சட்டப்படி கடையில் விற்கும் அயோடின் உப்பில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். பத்து கிராமுக்கு 150 மைக்ரோகிராம். வேண்டிய அளவு சரியாக வருகிறது பாருங்கள்.

கடல் மீன் அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்கு அதிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். பாலிலும் முட்டையிலும் உண்டு. ஆனால் செஞ்சி, மயிலம் பக்கத்து கிராமத்தில் தினம் மீன் வாங்குகிறவர் எத்தனை பேர்? போதாததற்கு நம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு அதிகம். அதிலுள்ள ஒரு பொருள் உடம்பில் மாறி, சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். அயோடின் போதுமான அளவு சேர்கிறவர்கள் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. சேராதவர்களுக்குத்தான் தொல்லை.

2018-19-இல் நாடு முழுவதும் வீட்டு உப்பை எடுத்துச் சோதித்தார்கள். போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி. குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம், படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னே நிற்கும் மாநிலம், இதில் கடைசி. உப்பு நம் கைக்கெட்டும் தூரத்தில் விளைவதுதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். உப்பு ரயிலில் பாக்கெட்டாக வரும் ஊரில் அயோடினும் தானாக வந்து சேர்கிறது. நம் ஊரில் பாத்தியிலிருந்து வண்டியில் ஏறி வாசலுக்கு வந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்து வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்ற தடை 1998-இல் வந்தது, 2000-இல் நீக்கினார்கள், 2006 மே மாதத்திலிருந்து மறுபடி நடைமுறைக்கு வந்தது. அப்போதெல்லாம் சின்ன உப்பள முதலாளிகளும் தொழிலாளிகளும் சொன்னது, இயந்திரம் வைத்துக் கலக்கப் பெரிய கம்பெனிக்குத்தான் முடியும், நாங்கள் எங்கே போவது என்று. இது பிழைப்பைப் பற்றிய குறை, நியாயமான குறை. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பு சாமானியன் கையில் இருக்க வேண்டும் என்றுதானே? ஆனால் பிழைப்புக் குறையை விஷக் குறையாக மாற்றிச் சொல்வதை ஏற்க முடியாது. அயோடின் சேர்ந்த பிறகு சில ஊர்களில், தன் உடம்பே தன் சுரப்பியைத் தாக்கும் நோய் சற்றுக் கூடியது என்பதும் ஆராய்ச்சியில் வந்ததுதான். இன்று நம் வீட்டுப் பெண்கள் மாத்திரை சாப்பிடுவது பெரும்பாலும் அந்த நோய்க்குத்தான். 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தது, உப்பில் அயோடின் கலக்கத் தொடங்குவதற்கு முன்பே. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தினம் ஒரு சின்ன மாத்திரையால் சரிக்கட்டக்கூடிய நோய் அது. வயிற்றிலேயே மூளை வளராமல் போன குழந்தைக்கு எந்த மாத்திரை கொடுப்பீர்கள்?

இதை நான் ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. திண்டிவனத்தில் வேலை பார்த்தபோது எங்கள் அலுவலகக் கடைநிலை ஊழியர் ஒருவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவே அழாது. போட்ட இடத்தில் கிடக்கும், நாள் முழுக்கத் தூங்கும். "தங்கமான பிள்ளை, அம்மாவைத் தொந்தரவே பண்ணாது" என்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் தெளியவில்லை, மலம் நாலு நாளைக்கு ஒருமுறை, தொப்புள் துருத்திக்கொண்டிருந்தது, நாக்கு கொஞ்சம் வெளியே தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவைத்தியம் நடந்தது. நடக்கவில்லை, பேசவில்லை என்று நாலு வயதில் சென்னைக்குத் தூக்கிப் போனபோதுதான் பிறவியிலேயே தைராய்டு இல்லை என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்ததும் வளர்ந்தது, நடந்தது, சிரித்தது. புத்தி மட்டும் திரும்பவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சார், பொறந்தன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்போமே சார்?" அந்தக் காலத்தில் சொல்வதற்கு ஆளில்லை.

அந்தக் குழந்தைக்கு வந்தது உப்பினால் வந்ததல்ல, சுரப்பியே உருவாகாத கோளாறு. நம் நாட்டில் சுமார் ஆயிரம் குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறவித் தைராய்டு குறைவோடு பிறக்கிறது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும். மருந்தும் விலை உயர்ந்ததல்ல, அதே தைராக்சின்தான்.

ஆகவே இரண்டு விஷயத்தை நான் வலியுறுத்துவேன். மரக்காணத்து உப்பை மரக்காணத்திலேயே அயோடின் கலந்து கட்ட, சிறு உற்பத்தியாளர்கள் கூட்டாகப் பயன்படுத்தும் வசதி அரசு செலவில் வேண்டும். அரசின் உப்புக் கழகம் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் அயோடினும் இரும்புச் சத்தும் கலந்த உப்பே தயாரிக்கும்போது இங்கே முடியாதா? ஊசிமுனையளவுப் பொருளைக் கலப்பதற்கு ஒரு ஜில்லாவின் உப்புத் தொழிலைப் பெரிய கம்பெனியிடம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அதுவரை வீட்டில் வாங்குவது அயோடின் உப்பாக இருக்கட்டும். கல்லுப்பு ருசிதான் வேண்டும் என்றால் அயோடின் கலந்த கல்லுப்பே கடையில் இருக்கிறது, பையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மூடி போட்டு, அடுப்பங்கரை அனலுக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள். நம் பாட்டிமார் போலக் கல்லுப்பைக் கழுவினால் கலந்ததும் கழுவிப் போய்விடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. குறைவாகப் போடுகிறவர்கள்தான் அந்தக் கொஞ்சமும் அயோடின் உப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. என் துணைவியார் முதல் ஆறு மாதம் மாத்திரையைக் காபி டம்ளரோடுதான் விழுங்கினார், டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, காபியைத் தள்ளிப் போட்டதும் அதே மாத்திரை வேலை செய்தது. வயதாக ஆக டி.எஸ்.எச். சற்று ஏறுவது சகஜம். 65 வயதுக்கு மேல் லேசாக மட்டும் ஏறியவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் சோர்வு முதலியவற்றில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2017-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. அதனால் சீட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கிறது என்று நீங்களே கடையில் மாத்திரை வாங்காதீர்கள். தொடங்கியவர்கள் நீங்களே நிறுத்தவும் வேண்டாம். இரண்டையும் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது விஷயம் பேரன் பேத்தி எடுக்கப் போகிறவர்களுக்கு. பிரசவம் அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ எங்கேயானாலும், குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரும் முன் "டி.எஸ்.எச். பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். பிறந்து இரண்டு நாள் கழித்துக் குதிகாலில் ஒரு குத்து, காகிதத்தில் சில சொட்டு ரத்தம், அவ்வளவுதான். இது ஒவ்வொரு பிரசவ வார்டிலும் கேட்காமலே நடக்க வேண்டிய வேலை என்பது என் கட்சி. நடக்கும் வரை தாத்தாக்களும் பாட்டிகளும் கேட்டுக்கொண்டே இருப்போம். முடிவு வந்ததா என்று ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய்க் கேளுங்கள். எடுத்த ரத்தத்தின் முடிவை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.